உறையாத கோடு

மூன்றாம் முறையும் பர்லியார் தாண்டியதும்
முள் ஏறத் தொடங்கியது.
ஏறும் என்று தெரிந்தே ஓட்டினேன்,
கடன் கொடுத்தவன் வீட்டு வாசலைக் கடப்பவள் மாதிரி.
பின்னால் இருபத்தைந்து மூட்டை உரம்.
ஒன்பதாவது கொண்டை ஊசியில் ஹீட்டரைத் திறந்தேன்.
கொதிக்கிற வண்டி; காற்று மட்டும் ஐஸ்.
அங்கேயே புரிந்திருக்க வேண்டும்:
சூட்டைச் சுமந்து வர உள்ளே தண்ணீரே இல்லை.

காட்டேரியில் ஓரங்கட்டி
மூடியைத் தொடாமல் நாற்பது நிமிடம் நின்றேன்.
கேஸ்கெட் போயிருந்தால் வெள்ளைப் புகை வரும் என்பார்கள்.
போகிற லாரிக்கெல்லாம் பின்னால் வெள்ளைப் புகை.
டீ ஆற்றுகிறவர் வாயிலும் அதே.
இந்தக் குளிரில் யாருக்குத்தான் வரவில்லை?

மேட்டுப்பாளையத்தில் ஹக்கீம்.
பேரே வைத்தியர், கையும் அப்படித்தான்.
ரேடியேட்டர் வாயில் பம்பைப் பூட்டி
அழுத்தம் ஏற்றிவிட்டு
ஒரு பீடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.
தகரக் கூரைமேல் வெயில் நின்றது.
முள் அசையவில்லை.
"சொட்டு இல்லம்மா. ஒரு சொட்டு இல்ல."
முதல் வாரம் தெர்மோஸ்டாட் மாற்றினோம்.
அடுத்த வாரம் மூடி.
பிறகு வாட்டர் பம்ப்;
பழையதில் குறை ஒன்றுமில்லை என்பதைக்
கழற்றிய பின்னால் சொன்னார்.
ஏழாயிரத்து நானூறு.
மேலே வந்து ஓர் இரவு நிறுத்தினால்
மறுபடி டப்பா காலி.

ஊரில் ஆளுக்கொரு கண்டுபிடிப்பு.
எலி குடிக்குது என்றார் ஜோகி.
அவருடைய கேரட்டைத்தான் ஏற்றுகிறேன், சிரித்துவைத்தேன்.
பொம்பள ஓட்டினா வண்டி சூடாகத்தான் செய்யும் என்றவனுக்கு
மூட்டைக்கு ஐந்து ரூபாய் வாடகை கூட்டினேன்.

தை பிறக்க இரண்டு நாள்.
இத்தலார் முழுக்க உறைபனி.
ஸ்ப்ரிங்ளர் போட எழுந்தவர்கள்
குழாயில் தண்ணீர் வராமல் திட்டுகிற சத்தம்.
புல் வெள்ளை, சாக்கு வெள்ளை, வண்டிக் கூரை வெள்ளை.
காலாவதியான ஏடிஎம் கார்டால்
முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
பம்பருக்கு முன்னால் பக்கத்து வீட்டு நாய்
எதையோ முகர்ந்து நின்றது.
நாக்கை நீட்டுமுன் கல்லெடுத்துத் துரத்தினேன்.
கூலன்ட் இனிக்கும். நக்கிய நாய் மூன்று நாள் தாங்காது.

துரத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.
வண்டிக்கு வெளியே, சரிவில்,
ஊரே வெளுத்த அந்தப் புல்லில்
ஒரு விரல் அகலத்துக்கு
உறையாமல் ஒரு கோடு.

கோணியை விரித்துக் கீழே நுழைந்தேன்,
செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு.
கீழ் ஹோஸ் இன்ஜினுக்குள் போகிற இடம். கிளாம்ப்.
பச்சையாய் ஒரு சொட்டு
திரண்டு, யோசித்து, விழுந்தது.
பதினொன்று எண்ணுவதற்குள் அடுத்தது.
குளிரில் ரப்பர் சுருங்க, பிடி நழுவுகிறது.
இன்ஜின் சூடானால் உப்பி அடைத்துக்கொள்கிறது.
மலை இறங்கி ஹக்கீம் முன்னால் நிற்கையில்
ஒன்றுமே நடக்காத மாதிரி காய்ந்த முகம்.
இரவெல்லாம் அழுதுவிட்டு
ஆள் வந்ததும் காபி கலக்கப் போகிறவளை
எனக்குத் தெரியும்.
அவளைப் பற்றி இப்போது வேண்டாம்.

திருகினால் சும்மா சுற்றியது, பல் தேய்ந்த கிளாம்ப்.
கம்பியால் இறுக்கிக் கட்டி, ஊட்டி வரை உருட்டிப் போய்
புதியது போட்டேன். முப்பத்தைந்து ரூபாய்.
ஹக்கீமுக்கு போன் செய்தேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஸ்பேனர் சத்தம் மட்டும்.
பிறகு கேட்டார்:
"அங்க அவ்வளவு குளிராம்மா?"

அன்று மாலை, அதே சுமை.
ஒன்பதாவது வளைவில் ஹீட்டரைத் திறந்தேன்.
உர நாற்றத்தோடு சூடாக வந்தது காற்று.
முள் நடுவில்.
இன்னும் ஐந்து வளைவு.